எலும்புக்குள் இருக்கும் சூழல்: இரத்தப் புற்றுநோய் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தப் புற்றுநோயைப் பற்றி விளக்கும்போது மருத்துவர் 'நுண்சூழல்' என்று சொன்னால், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, மிடாலம் கரையோரத்துக் காதுகளில் அது 'சுற்றுச்சூழல்' என்றே விழுகிறது. மோனசைட் என்ற கனிமம் கலந்த மணலும், அதிலுள்ள தோரியத்தின் கதிர்வீச்சும் நம் மாவட்டத்தின் நெடுநாள் கவலை என்பதால் இந்தக் குழப்பம் இயல்பானதுதான். ஆனால் முதலில் களைய வேண்டிய தவறும் இதுவே. மருத்துவர் சொல்லும் நுண்சூழல் வீட்டு முற்றத்தில் இல்லை. எலும்புக்குள், எல்லா இரத்த அணுக்களுக்கும் மூலமான இரத்தக் குருத்தணுவை (ஸ்டெம் செல்) ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குள் இருக்கிறது. மணலைப் பற்றிய கேள்வி வேறு, அதற்கான விடை தேடும் வழியும் வேறு. மிகுந்த கதிர்வீச்சு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களிடம் ஐயமின்றித் தெரிந்தது. நம் கரையைப் போலவே இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியிலோ, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்குப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இனி எலும்புக்குள் இருக்கும் சூழலுக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகின்றன. இவற்றுக்கும் வெள்ளையணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் மூலமான குருத்தணுக்கள் மிகச் சிலவே. அவற்றிலும் பெரும்பாலானவை எந்நேரமும் உறங்கிக் கிடக்கின்றன. எது உறங்க வேண்டும், எது விழித்துப் பெருக வேண்டும் என்பதைக் குருத்தணு தானாக முடிவு செய்வதில்லை, அது தங்கியிருக்கும் இடத்துக்கும் அதில் பங்குண்டு என்ற கருத்தை ஆய்வாளர் ரே ஸ்கோஃபீல்ட் 1978இல் முன்வைத்தார். அந்த இடம் எது என்பதில் நெடுங்காலம் தேடல் நடந்தது. எலும்பை ஆக்கும் செல்களின் பங்கை 2003இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டியே பல குருத்தணுக்கள் இருப்பது 2005இல் தெரியவந்தது. குழாய்ச் சுவரின் செல்களும் அவற்றைத் தழுவி நிற்கும் செல்களும் சுரக்கும் புரதங்களே குருத்தணுவை அங்கே பிடித்து வைத்து உயிரோடு காக்கின்றன.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் அறையில் வளரும் புழு, தொடர்ந்து ஊட்டப்படும் கூழால் ராணியாகிறது. அதே வகை முட்டையிலிருந்து வந்த இன்னொரு புழு, சிறிய அறையில் வேறு உணவு பெற்று வேலைக்காரத் தேனீயாகிறது. பிறப்பு ஒன்றுதான், இடமும் ஊட்டமும் வேறு. ஆனால் ராணியானது பிறகு என்றும் ராணியே. குருத்தணுவோ தன் நிலையில் நீடிக்க இடத்தின் துணையை நாள்தோறும் நாடுகிறது.

மஜ்ஜைப் பரிசோதனை என்றதும் முதுகுத்தண்டில் ஊசி குத்திக் கால் விழுந்துவிடும் என்று அஞ்சி ஓடுவது இன்னொரு தவறு. மஜ்ஜை என்பது நல்லி எலும்பைத் தட்டினால் விழும் அந்த மென்மையான பொருள்; முதுகுத்தண்டிலுள்ள நரம்பு வடம் முற்றிலும் வேறு. வளர்ந்தவர்களுக்கு இரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை இடுப்பெலும்பில் நிறைய இருப்பதால், இடுப்பின் பின்பக்க எலும்பிலிருந்தே வழக்கமாக மாதிரி எடுக்கிறார்கள்.

மஜ்ஜை மாற்று என்பதை எலும்பைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை என்று எண்ணுவதும் அப்படியே. கொடையாளரின் குருத்தணுக்கள் இரத்தம் ஏற்றுவது போலக் கைநரம்பு வழியாகவோ மார்பில் பொருத்திய குழாய் வழியாகவோ ஏற்றப்படுகின்றன. அவை உடலெங்கும் சுற்றி, மஜ்ஜை சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தின் அழைப்பை உணர்ந்து எலும்புக்குள் தாமே குடியேறுகின்றன. எனக்கு இன்றும் வியப்பளிப்பது இதுதான். அந்தப் புரதத்தின் பிடியைத் தளர்த்தும் பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து, குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிக்க 2008 முதல் பயன்படுகிறது.

நோயின் முழுப் பழியையும் மரபணு மாற்றத்தின் மேல் போடுவதும், அதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் நுண்சூழலின் மேல் போடுவதும் சம அளவில் பிழையானவை. எலும்பாக்கும் முன்னோடிச் செல்களில் மட்டும் டைசர்1 என்ற மரபணுவை நீக்கிய எலிகளில், இரத்தச் செல்களை யாரும் தொடாதபோதும் இரத்த உற்பத்தி சீர்கெட்டு, சிலவற்றில் இரத்தப் புற்றுநோயும் தோன்றியது என 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. அது எலிகளில் கண்டது. மனிதரில் பெரும்பாலும் குருத்தணுவிலோ அதன் வழித்தோன்றலிலோ நேரும் மரபணு மாற்றமே தொடக்கம். புற்றுநோய்ச் செல்கள் பெருகியபின் சுற்றியுள்ள செல்களையும் தம் வசதிக்கேற்ப மாற்றி, நல்ல குருத்தணுக்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. நோயாளிக்குச் சோகையும் இரத்தக் கசிவும் அடிக்கடி காய்ச்சலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டுக்கால் சூப்போ பப்பாளி இலைச் சாறோ இதைத் திருத்தும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

நான் மிகவும் அஞ்சும் தவறு, நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் என்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், அணுக்களின் எண்ணிக்கை சீரானதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது. இரத்தத்தில் நோய் தெரியாதபோதும், மஜ்ஜையின் காப்பிடத்தில் உறங்கும் நோய்க் குருத்தணுக்கள் மருந்துக்குத் தப்பிக் கிடக்கலாம். நோயின் மரபணுத் தடயத்தை இரத்தத்தில் தேடும் பி.சி.ஆர். என்ற நுட்பமான சோதனையிலும் இரண்டாண்டுகளுக்கு மேல் நோய் தென்படாதவர்களுக்கு மட்டும் மருந்தை நிறுத்திப் பார்த்து 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில்கூட, பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் ஆறு மாதங்களிலேயே நிகழ்ந்தது. தவறாமல் சோதித்து வந்ததால்தான் அதை உடனே கண்டு, மருந்தை மறுபடி தொடங்கி, நோயைக் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. ஆகவே களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் போய்வரும் அலுப்பை எண்ணி, அடுத்த பி.சி.ஆர். சோதனை நாளைத் தவறவிடாதீர்கள். மருந்தை நிறுத்தலாமா என்று கேட்க ஆசையிருந்தால், அந்தச் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.