புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து ஆட எந்த ஆன்லைன் ஆர்பிஜி செட் ஆகும், ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

எந்த எம்எம்ஓ (நிறைய பேர் ஒரே உலகத்துல சேந்து ஆடுற ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரை வளத்து ஆடுற கேம்) நல்லா இருக்கும்னு கேட்டா ஆளுக்கு ஒரு பேர் சொல்வாங்க, கிராஃபிக்ஸ் பாருங்க, கதை பாருங்க, எத்தனை பேர் ஆடுறாங்கன்னு பாருங்கன்னு. ரெண்டே பேர் ஜோடியா ஆடப் போறவங்களுக்கு அதெல்லாம் அப்புறம்தான். முதல்ல கேக்க வேண்டியது ஒன்னே ஒன்னு: இன்னிக்கு அவருக்கு நைட் ஷிஃப்ட், நீங்க மட்டும் உக்காந்து ரெண்டு மணி நேரம் ஆடிட்டீங்க, நாளைக்கு ரெண்டு பேரும் சேரும்போது என்ன ஆகும்? நீங்க ஆறு லெவல் மேல போயிட்டீங்க, அவர் அடிக்க வேண்டிய மிருகத்தை நீங்க ஒரே அடில சாச்சுடுறீங்க, அவர் சும்மா பின்னாடி நடந்து வர்றார். இப்படித்தான் நிறைய ஜோடிங்க ரெண்டாவது வாரத்துலயே நிறுத்திடுறாங்க, கேம் மோசம்னு இல்ல, லெவல் இடைவெளியைச் சமாளிக்க அந்த கேம்ல வழி இல்ல அவ்ளோதான்.

இந்த ஒரு விஷயத்துல எனக்குத் தெரிஞ்சு எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் கில்ட் வார்ஸ் 2வும்தான் ரொம்ப தாராளம். எல்டர் ஸ்க்ரோல்ஸ்ல 2016ல ஒன் டாம்ரியல்னு ஒரு பெரிய அப்டேட் வந்துச்சு, அதுக்கப்புறம் எந்த லெவல் ஆளும் எந்த ஊருக்கும் போய் யாரோட வேணா சேந்து சண்டை போடலாம், கேமே ரெண்டு பேரையும் சமன் பண்ணிடும். கூடவே இன்னொரு வசதி, க்ரூப்ல இருக்குற ஆள் எங்க இருந்தாலும் பேரை க்ளிக் பண்ணி காசில்லாம அவங்க பக்கத்துல போய் இறங்கிடலாம். "எங்கங்க இருக்கீங்க?"ன்னு மேப்பைப் பாத்துட்டு கால் மணி நேரம் ஓடிட்டே இருக்க வேண்டாம். கில்ட் வார்ஸ் 2ல வேற மாதிரி, பெரிய லெவல் ஆள் சின்ன ஊருக்கு வந்தா அந்த ஊர் லெவலுக்கு இறக்கிடும், அடிச்ச மிருகத்துக்கு ரெண்டு பேருக்கும் தனித்தனியா பொருள் விழும், வெட்டுற மரம் தோண்டுற சுரங்கம் எல்லாமே ஆளுக்கு ஆள் தனி, ஒருத்தர் எடுத்துட்டா இன்னொருத்தருக்கு இல்லன்னு ஆகாது. அந்த கேமோட உச்ச லெவல் 80, 2012ல வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதை ஏத்தவே இல்ல, அதனால நடுவுல ஆறு மாசம் விட்டுட்டு வந்தாலும் துரத்திப் பிடிக்க ஒன்னும் இருக்காது. குழந்தை, வேலை, மாமியார் வீட்டு விசேஷம்னு விட்டு விட்டு ஆடுறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004ல வந்த பழைய கேம், அதுல இந்தக் குறையை 2019ல பார்ட்டி சிங்க்னு ஒன்னு கொண்டு வந்து சரி பண்ணாங்க. அதை ஆன் பண்ணினா மேல இருக்குறவர் கீழ இறங்கி வந்து ரெண்டு பேருக்கும் ஒரே க்வெஸ்ட் (கேம் குடுக்குற வேலை) ஒரே கட்டத்துல ஓடும். நல்லா வேலை செய்யுது, ஆனா தானா நடக்காது, நீங்கதான் ஆன் பண்ணணும், புதுசா வர்றவங்களுக்கு இப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா ஜோடியா ஆட நினைக்குறவங்க நிறைய பேர் முதல்ல போறது அங்கதான், போய் முதல் நாளே திணறுறதும் அங்கதான். அதுல நீங்க எடுக்குற க்ளாஸைப் (எப்படிச் சண்டை போடுற ஆள்ங்கிற வகையை) பொறுத்துதான் எந்த ஊர்ல ஆரம்பிப்பீங்கன்னு முடிவாகும். நான் கத்தி கேடயத்தோட டேங்கா (முன்னாடி நின்னு அடி வாங்குறவரா) போறேன் நீங்க ஹீலரா (உயிர் ஏத்தி விடுறவரா) வாங்கன்னு ஆசையா க்ளாடியேட்டரும் கான்ஜூரரும் எடுத்தா ஒருத்தர் உல்டாவுல நிப்பீங்க, இன்னொருத்தர் க்ரிடானியாவுல நிப்பாங்க, கதைல 15 லெவல் கிட்ட வந்து பறக்கும் கப்பல் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் தனித்தனி ஊர்லதான். அதனால ஒருத்தர் கான்ஜூரர், இன்னொருத்தர் லான்சர் இல்லன்னா ஆர்ச்சர் எடுங்க, மூணுமே க்ரிடானியாதான். 10ஆவது லெவல் க்ளாஸ் க்வெஸ்ட் முடிச்சதும் வேற க்ளாஸுக்கு மாறிக்கலாம், ஒரே கேரக்டர்லயே எல்லா வேலையும் கத்துக்கலாம், டேங்க் ஆசை அப்புறம் தீரும். சர்வரும் ஒரே வேர்ல்டா பாத்து எடுங்க.

அந்த கேமோட கதை ரொம்ப நல்ல கதை, ஆனா படிக்கிற கதை, நடு நடுவுல ஒருத்தர் மட்டுமே உள்ள போக முடியுற சண்டையும் வரும். அந்த நேரத்துல மத்தவர் வெளிய நிக்க வேண்டியதுதான். கட்சீன் (நடுவுல படம் மாதிரி ஓடுற கதைக் காட்சி) வரும்போது நாங்க பண்றது, ரெண்டு பேரும் அதே ஆள்கிட்ட போய் நின்னு ஒன்னு ரெண்டு மூணு சொல்லி ஒரே நேரத்துல க்ளிக் பண்ணி, ஒரு ஹெட்செட்டைக் கழட்டி வச்சுட்டு ஒரே ஸ்பீக்கர்ல கேக்குறது, அப்போதான் ஒருத்தர் முன்னாடி ஓடாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அதிர்ச்சி ஆக முடியும். இதெல்லாம் பிடிக்கும்னா இது உங்க கேம். சேந்து அடிச்சுட்டே இருக்கணும், நின்னு படிக்க பொறுமை இல்லன்னா இதை விட்டுடுங்க, மத்தவங்க என்ன புகழ்ந்தாலும்.

கதையும் வேணும் சேந்தும் இருக்கணும்னா ஸ்டார் வார்ஸ் ஓல்ட் ரிபப்ளிக் பாருங்க, 2011 கேம், பாக்க கொஞ்சம் பழசா இருக்கும். ஆனா ஜோடிக்குன்னே பண்ண மாதிரி ஒரு விஷயம் அதுல இருக்கு. பொதுக் கதைல ஒரு ஆள்கிட்ட பேசும்போது ரெண்டு பேருமே அந்தப் பேச்சுக்குள்ள இருப்பீங்க, ஆளுக்கு ஒரு பதிலைத் தேர்ந்தெடுப்பீங்க, கேம் பகடை உருட்டும், பெரிய நம்பர் விழுந்தவங்க சொன்னதுதான் பேசப்படும். ஒரு கப்பல்ல கேப்டனைக் கொல்லலாமா விட்டுடலாமான்னு ஒரு இடம் வரும், நான் விட்டுடலாம்னு போட்டேன், என் வீட்டுக்காரர் கொன்னுடலாம்னு போட்டார், அவருக்கு நம்பர் விழுந்து கேப்டன் காலி. நிஜமாவே எனக்கு மனசு கஷ்டமா போச்சு, "ஏங்க அந்த ஆள் என்னங்க பண்ணான் உங்கள?"ன்னு கேட்டு அன்னிக்கு சாப்பிடும்போதும் அதைத்தான் பேசிட்டிருந்தோம். வேற எந்த எம்எம்ஓவும் எங்கள இப்படிப் பேச வச்சதில்ல. இதுல ஆரம்பிக்கும்போது ஜெடை நைட்டும் ஜெடை கான்சுலரும் மாதிரி ஒரே கிரகத்துல ஆரம்பிக்கிற ரெண்டு வேற வேற க்ளாஸ் எடுங்க, ரெண்டு கதையையும் பாத்துடலாம், ஒருத்தர் கதைல இன்னொருத்தர் கூட நின்னு வேடிக்கை பாக்கவும் விடும்.

கில்ட் வார்ஸ் 2ல இதுக்கு நேர் எதிர், அங்க ரெண்டு பேரும் ஒரே இனம் எடுங்க, கேரக்டர் உருவாக்கும்போது கேக்குற கேள்விக்கெல்லாம் ஒரே பதில் குடுங்க. ஆரம்ப ஊரும் ஆரம்பக் கதையும் அதைப் பொறுத்துதான் வருது. ஒரே கட்டத்துல இருந்தா ஒருத்தர் கதைக்குள்ள ரெண்டு பேரும் போய் முடிச்சுட்டு, இது உங்க கணக்குலயும் சேரட்டுமான்னு கேக்கும்போது சரின்னு குடுத்தா போதும்.

இப்போ ஒப்பிட்டுப் பாக்குறது எப்படின்னு வருவோம். ஒரு கேமுக்கு ஒரு சாயங்காலம் பத்தாது, எல்லா கேமும் முதல் ரெண்டு மணி நேரம் உங்க கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போற பகுதிதான், அதுல எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் புது கேரக்டர்ல தொடங்கணும், ஒருத்தர்கிட்ட பழைய அக்கவுண்ட் இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. சேந்து சில நாள் ஆடுங்க, அப்புறம் வேணும்னே ஒருத்தர் மட்டும் ஒரு நாள் தனியா ஆடுங்க, மறுநாள் சேந்து உக்காந்து பாருங்க, நான் முதல்ல சொன்ன கேள்விக்கு பதில் அப்போ தெரிஞ்சுடும். கேம் அதைத் தாங்கலன்னா, ஆனா மத்தபடி ரொம்ப பிடிச்சிருந்தா, தனியா ஆடுற நாளுக்குன்னு வேற ஒரு கேரக்டர் வச்சுக்கோங்க, ஜோடிக் கேரக்டரை ரெண்டு பேரும் இருக்கும்போது மட்டும்தான் திறக்கணும்னு ஒரு ஒப்பந்தம்.

அடுத்து பாக்க வேண்டியது, உங்கள்ல ஒருத்தர் சாகும்போது இன்னொருத்தர் என்ன பண்ண முடியுதுன்னு. சாதாரண விஷயமா தெரியும் ஆனா ஜோடி ஆட்டத்துல பாதி சந்தோஷம் அங்கதான் இருக்கு. கில்ட் வார்ஸ்ல உயிர் தீந்ததும் உடனே சாக மாட்டீங்க, கீழ விழுந்து கிடந்துட்டே கல்லெறிஞ்சு சண்டை போடலாம், பக்கத்துல வந்து எஃப் அமுக்கினா தூக்கி விடலாம், இல்ல விழுந்தவங்க அடிச்சிட்டிருந்த எதிரி அந்த நேரத்துல செத்தா தானா எழுந்துடலாம். அதனால ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு, வந்து தூக்குறதா, இல்ல அவனை அடிச்சு முடிச்சுடுறதா. "ஏங்க தூக்குங்க தூக்குங்க"ன்னு நான் கத்த "இரும்மா இவன் போயிடுவான் இப்ப"ன்னு அவர் அடிச்சிட்டே இருக்க, கடைசி நொடில நான் எழுந்து நின்னது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

மூணாவது, வெளியாள் எவ்வளவு தேவைப்படுறாங்க. டஞ்சனுக்கு (ஒரு குழுவா உள்ள போய் சண்டை போட்டு முடிக்கிற இடம்) ஃபைனல் ஃபேன்டஸில 4 பேர், எல்டர் ஸ்க்ரோல்ஸ்ல 4, வார்கிராஃப்ட்ல 5. ஒருத்தர் டேங்க் ஒருத்தர் ஹீலர்னா வரிசைல காத்திருக்குற நேரம் ரொம்ப குறையும், ஏன்னா அந்த ரெண்டுக்கும்தான் எப்பவும் ஆள் பஞ்சம். ஆனா புதுசா வர்றவங்களுக்கு முகம் தெரியாதவங்க முன்னாடி ஹீலர் பண்ண பயமா இருக்கும், அது நியாயமான பயம், வற்புறுத்தாதீங்க. வார்கிராஃப்ட்ல ஃபாலோயர் டஞ்சன் இருக்கு, நீங்க ரெண்டு பேர் போனா மிச்ச இடத்தை கம்ப்யூட்டர் ஆளுங்க நிரப்பிடுவாங்க, 2024ல வந்த டெல்வ்னு சின்ன குகைகளும் ரெண்டு பேருக்கு அருமையா இருக்கும். ஸ்டார் வார்ஸ்ல ஆளுக்கு ஒரு கூட்டாளி வரலாம், அதோட நாலு பேர் கணக்கு முடிஞ்சுது. ஃபைனல் ஃபேன்டஸிலயும் கம்ப்யூட்டர் ஆளுங்களோட டஞ்சன் போகலாம், ஆனா அது தனியா போறவருக்கு மட்டும், ஜோடியா போக முடியாது. இதெல்லாம் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க.

பிங்கைப் பத்தியும் சொல்லணும், அதாவது நீங்க அமுக்கினது சர்வருக்குப் போய் பதில் வர எடுக்குற நேரம். நான் சொன்ன இந்த அஞ்சு கேமுக்குமே இந்தியாவுல சர்வர் கிடையாது, தமிழ்நாட்டுல இருந்து ஐரோப்பா சர்வருக்குப் போனா 150 மில்லிசெகண்டுக்கு மேல எதிர்பாருங்க. ஃபைனல் ஃபேன்டஸில ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல அடிப்படையா 2.5 செகண்ட் இடைவெளி இருக்குறதால பரவாயில்ல, ஆனா தரைல ஆரஞ்சு வட்டம் வந்தா எதிரி அடிக்கத் தயாராகுறதைக் காட்டுற பட்டை நிரம்புறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடணும், அடி விழுற மாதிரி தெரியும்போது நகந்தா லேட். டாட்ஜ் (அடி விழாம சட்டுனு விலகுறது) அதிகமா கேக்குற கில்ட் வார்ஸ்ல கை கொஞ்சம் பழகணும். ஒரே வைஃபைல ரெண்டு சிஸ்டம்னா ஒன்னுக்காவது லான் கேபிள் போடுங்க.

காசு: கில்ட் வார்ஸ் அடிப்படை கேம் 2015ல இருந்து இலவசம், சந்தாவே கிடையாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒரு தடவை வாங்கினா போதும். ஸ்டார் வார்ஸ் 60 லெவல் வரை இலவசம். ஃபைனல் ஃபேன்டஸி ட்ரையல் 70 லெவல் வரை நேரக் கணக்கில்லாம ஆடலாம், ஆனா ட்ரையல் ஆள் பார்ட்டி (சேந்து ஆடுற குழு) ஆரம்பிக்க முடியாது, கூப்பிட்டா சேரத்தான் முடியும், அதனால ஒருத்தராவது முழு கேம் வாங்கணும். வாங்கினவர் திரும்ப ட்ரையலுக்குப் போக முடியாது, யார் வாங்குறதுன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க. வார்கிராஃப்ட் 20 லெவல் வரை சும்மா, அப்புறம் மாசச் சந்தா ரெண்டு அக்கவுண்டுக்கும்.

வீட்டுல ஒரே கம்ப்யூட்டர்தான்னா ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் இருக்கு, ஒருத்தர் அதுலயும் இன்னொருத்தர் ஃபோன்லயும் ஒரே உலகத்துல ஆடலாம். 2021ல வந்த க்ரூப் அயர்ன்மேன் மோடுல ரெண்டு பேர் முதல் அஞ்சு பேர் வரை ஒரு குழுவா சேரலாம், வெளியாள்கிட்ட எதுவும் வாங்கக்கூடாது, உங்களுக்குள்ள ஒரு பொதுப் பெட்டி. அவர் மீன் பிடிச்சுப் போட்டதை நீங்க எடுத்துத்தான் சண்டைக்குப் போகணும், ஒருத்தர் தனியா ஆடின நேரமும் இன்னொருத்தருக்குப் பயன்படுது. மெதுவான கேம், எல்லாருக்கும் பிடிக்காது.

கேமுக்குள்ள கல்யாணம் பண்ற வசதி ஃபைனல் ஃபேன்டஸிலயும் எல்டர் ஸ்க்ரோல்ஸ்லயும் இருக்கு, ரெண்டாவதுல அந்த மோதிரத்தை ரெண்டு பேரும் போட்டு சேந்து ஆடினா அனுபவப் புள்ளி 10 சதவீதம் கூட வரும். நல்லா இருக்கும், ஆனா இதை வச்சு கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒருத்தர் ஏற்கனவே நிறைய கேம் ஆடினவர்னா அவருக்கு ஒரு வேண்டுகோள், வழி காட்டாதீங்க. கேட்டா சொல்லுங்க. மவுஸைக் கையில இருந்து வாங்கி நீங்க செஞ்சு காட்டாதீங்க, அவங்க தப்பான ஸ்கில் போட்டா போடட்டும், தப்பான கத்தியை வித்தா விக்கட்டும், அந்த உலகத்தை அவங்களே கண்டுபிடிக்க விடணும்.

எல்லாத்தையும் ஆடிப் பாத்தப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் காட்டாம தனித்தனியா எழுதுங்க, எந்த கேமை மறுபடி திறக்கத் தோணுச்சு, எதுல நீங்க சும்மா பின்னாடி நடந்தீங்க, எதைப் பத்தி சாப்பிடும்போது பேசுனீங்கன்னு. அப்புறம் மாத்திப் படிங்க. முதல் இடத்துல ரெண்டு பேருக்கும் வேற வேற கேம் வந்தா, குறைச்சலா கேம் ஆடின ஆளோட தேர்வை எடுத்துக்கோங்க. பழகினவங்க எந்த கேம்லயும் தனக்குப் பிடிச்ச ஒரு மூலையைத் தேடிக்குவாங்க, புதுசா வந்தவங்களுக்குப் பிடிக்கலன்னா அடுத்த வாரம் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கும்.