ஜெய்சல்மேர் பயணத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஜெய்சல்மேர் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கோட்டை, ஒட்டகம், மணல். கோட்டைக்கு அரை நாள், மணல்மேட்டில் ஒரு ராத்திரி, மறுநாள் ஜோத்பூருக்கு வண்டி. விடுமுறை அவரவர் விருப்பம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாலைவனம் என்றால் ஒன்றுமே இல்லாத வெட்டவெளி என்ற நினைப்போடு போகிறோம் பாருங்கள், அதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளம்புகின்றன. சில தவறுகள் நம் பணத்தையும் நேரத்தையும் தின்னும். சில அந்த ஊரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைக்கும் என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை, கோட்டை விஷயத்தில் அது நிஜமாகவே நடக்கிறது.

மே மாதத்தில் டிக்கெட் போடுவது

நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அதனால் குடும்பத்தோடு அப்போதே கிளம்பத் தோன்றும். வேண்டாம். ஜெய்சல்மேருக்குப் போகும் வழியில் இருக்கிற பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். வெயில் உறைக்கும் ஊரில் பிறந்தவர்கள்தானே என்று தைரியப்பட வேண்டியதில்லை. அந்தக் காற்றில் ஈரம் கிடையாது, வியர்ப்பதே தெரியாமல் உடம்பில் தண்ணீர் குறைந்துவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சரியான காலம். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் இதற்கு நேரெதிரான தவறைச் செய்வார்கள்: பாலைவனம்தானே என்று ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் போய், ராத்திரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் குளிரில் நடுங்குவார்கள்.

கோட்டைக்குள் அறை எடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1156-இல் பாட்டி என்ற ராஜபுத்திரக் குலத்து அரசரான ராவல் ஜெய்சல், தன் பழைய தலைநகரான லோத்ருவாவை விட்டுவிட்டு, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருந்த திரிகூடக் குன்றின்மேல் கட்டிய கோட்டை இது. 99 கொத்தளங்கள். 2013-இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெரும்பாலான கோட்டைகளில் பார்க்க முடியாத ஒன்று இங்கே உண்டு: உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கான மக்கள் குடியிருக்கிறார்கள். பால்காரர் வருகிறார், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், சந்தில் மாடு நிற்கிறது.

அப்படியிருக்க, உள்ளேயே ஹோட்டல் எடுத்துத் தங்கினால் என்ன? தண்ணீர்தான் பிரச்சினை. குன்று கெட்டியான கருங்கல் அல்ல, களிமண் அடுக்குகள் கலந்த படிவுப்பாறை. கோட்டை கட்டிய காலத்தில் தண்ணீரைக் கீழேயிருந்து குடத்தில் சுமந்து வர வேண்டும், அதனால் யாரும் ஒரு சொட்டையும் வீணாக்கவில்லை. மேலே கொட்டியது கொஞ்சம், அதுவும் வெயிலில் காய்ந்துவிடும். பிறகு குழாய் வந்தது, குளியலறைகள் வந்தன, நம்மைப் போன்ற விருந்தாளிகள் வந்தோம். வடிகால் அந்த அளவுக்குத் தாங்காமல், கசிந்த நீர் குன்றுக்குள் இறங்கிக் களிமண்ணை இளக்கியது. கொத்தளங்கள் சரிந்தன, சில வீடுகளும் இடிந்தன. உலக அளவில் ஆபத்திலிருக்கும் நினைவுச் சின்னங்களின் கண்காணிப்புப் பட்டியலில் இந்தக் கோட்டை 1996-இலேயே சேர்க்கப்பட்டது.

ஆகவே கீழே ஊரில் தங்குங்கள். காலையில் ஏறிப் போய்ப் பொறுமையாகச் சுற்றுங்கள். கோட்டையின் முழு அழகு தெரிவதும் வெளியிலிருந்துதான். உள்ளே படுத்துக்கொண்டு கோட்டையைப் பார்க்க முடியாது. கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களைப் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

குழாய் வருவதற்கு முன் இந்த ஊரின் தாகத்தைத் தீர்த்த கடிசர் ஏரியை அப்புறம் போய்ப் பாருங்கள். இயற்கை ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். மழைநீரைத் தேக்க ஆட்கள் வெட்டிய ஏரி, 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் பெரிதாக்கியது. படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதைவிட, இந்த வறண்ட பூமியில் இவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்திருக்கும் என்று கரையில் நடந்து பார்ப்பது சுவாரஸ்யம்.

குல்தராவைப் பேய் ஊராகப் பார்ப்பது

ஊருக்கு மேற்கே 18 கிலோமீட்டரில் குல்தரா. 19-ஆம் நூற்றாண்டில் ஆளில்லாமல் போன கிராமம். கதை எல்லோருக்கும் தெரியும்: திவான் சாலிம் சிங் ஊர்த் தலைவரின் மகளைக் கேட்டார், பாலிவால் அந்தணர்கள் 84 கிராமங்களோடு ஒரே ராத்திரியில் சாபமிட்டுவிட்டு வெளியேறினார்கள். டிரைவர் இந்தக் கதையை வண்டியிலேயே சொல்லி முடித்துவிடுவார். நாமும் இடிந்த சுவர்களுக்கு நடுவே பேய் தேடிச் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புவோம். ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் பேய் இல்லை. கிணறுகள் வற்றியது, வரிச்சுமை தாங்காதது, நிலநடுக்கமாகவும் இருக்கலாம் என்று ஒரு கருத்து. பல வருடங்களாக மெல்ல மெல்லக் காலியான ஊர் என்றே தோன்றுகிறது.

எனக்கு அவர்கள் ஏன் போனார்கள் என்பதைவிட, வருடத்துக்கு 20 சென்டிமீட்டர் அளவே மழை பெய்யும் இடத்தில் அத்தனை நூற்றாண்டுகள் எப்படி இருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். அதற்குப் பதில் கடீன். பாறைச் சரிவின் அடிவாரத்தில் நீளமாக ஒரு மண்கரை போடுவார்கள். பாறையில் விழும் மழை உறிஞ்சப்படாமல் அப்படியே வழிந்து வந்து கரைக்கு உட்புறம் தேங்கும், கூடவே வண்டலும் வந்து படியும். மழைக்காலம் முடிந்து நீர் மண்ணுக்குள் இறங்கியதும், அந்த ஈரத்தை நம்பியே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். பிறகு ஒரு மழைகூட வேண்டியதில்லை. இந்த முறையில் கைதேர்ந்தவர்கள் பாலிவால்கள். ஜெய்சல்மேர் பக்கத்தில் இன்றும் கடீன்களில் பயிர் நடக்கிறது. குளிர்காலத்தில் போனால், வறண்ட வெளிக்கு நடுவே திடீரென்று பச்சையாக ஒரு வயல் வரும். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். டிரைவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

குல்தராவின் சுவர்மேல் ஏறாதீர்கள். காரையில்லாமல் அடுக்கிய கல், நம் எடைக்குத் தாங்காது.

எல்லாம் மணல்தான் என்று நினைப்பது

தார் பாலைவனம் முழுக்க மணல்மேடு என்பது சினிமா கொடுத்த படம். ஜெய்சல்மேரைச் சுற்றி அதிகமாகத் தெரிவது கல்லும் சரளையும் புதரும்தான். முதல் நாளே இதைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கல்லைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஊரெங்கும் கட்டடங்களில் பொன்னாக மின்னும் மஞ்சள் கல்லின் பெரும்பகுதி ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்தது. சில பலகைகளில் சிப்பித் தடம் தெளிவாகத் தெரியும். 2023-இல் விவரிக்கப்பட்ட தாரோசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் எலும்புகள் இந்த வட்டாரத்தில் கிடைத்தவை. வயது சுமார் 16.7 கோடி ஆண்டுகள்.

பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் அக்கல் கல்மரப் பூங்கா. திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் இவை 18 கோடி ஆண்டு பழையவை, திருவக்கரையைவிடப் பல மடங்கு. காடு நின்ற இடம் இது! கூட்டமே இருக்காது. இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான்: ஒரு சில்லுதானே என்று பையில் போட்டுக்கொள்வது. சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், வருகிற ஒவ்வொருவரும் ஒரு சில்லு எடுத்தால் பூங்காவில் மிஞ்சுவது கம்பிவேலிதான்.

மரம் என்றதும் இன்னொன்று. சாலையோரம் எங்கும் நிற்கும் கேஜ்ரி மரத்தை யாரும் கவனிப்பதில்லை. அது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். அதன் காயைக் காயவைத்துச் சமைப்பதுதான் ஹோட்டலில் நீங்கள் சாப்பிடும் கேர்-சாங்ரியில் உள்ள சாங்ரி.

சரி, மணலுக்கு வருவோம். எல்லோரும் போவது 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சம். சூரியன் மறையும் நேரத்தில் அங்கே போனால் ஒட்டகத்தைவிட ஜீப்புதான் அதிகமாகக் கண்ணில் படும். கூடாரத்துக்குக் கூடாரம் ஒலிபெருக்கி. அமைதி வேண்டுமென்றால் தென்மேற்கே குரி பக்கம் போங்கள். இல்லை, சம்மில்தான் தங்க முடிந்தது என்றால் விடியலில் எழுந்து நடங்கள். காற்று புது மணலை விரித்திருக்கும், அதன்மேல் வண்டு, பல்லி, நரி நடந்த தடங்கள் எழுத்துப்போல் தெரியும். மேட்டின் சாய்வு எந்தப் பக்கம் மெதுவாக ஏறுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வீசியிருக்கிறது. செங்குத்தாகச் சரிவது மறுபக்கம். இருட்டியபின் டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் நடக்காதீர்கள். சுருட்டை விரியன் மணலுக்குள் புதைந்து கிடக்கும்.

ஒட்டகச் சவாரியில் பேரத்தை ஏறுவதற்கு முன்பே, எவ்வளவு நேரம் என்பதோடு சேர்த்துப் பேசி முடியுங்கள். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும், நீங்கள் முன்னால் கவிழ்வீர்கள்; உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். மூக்கணாங்கயிற்றுப் பக்கம் புண் இருந்தால் அந்த ஒட்டகம் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

பாட்டு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கூடாரங்களில் பாடும் மாங்கணியார்கள் பரம்பரை பரம்பரையாகப் பாடிவருகிறவர்கள். நாம் சினிமாப் பாட்டு கேட்பதால் அவர்களும் அதையே பாடுகிறார்கள். கமாய்ச்சா என்ற வில் வாத்தியம் இருக்கிறதா, உங்கள் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கானமயில் வீட்டில் ஜீப் ஓட்டுவது

தவறுகளில் பெரியது இது என்பேன். சம் இருப்பது பாலைவனத் தேசியப் பூங்காவின் பகுதியில். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. கானமயிலுக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் இதுதான். ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை, பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. ராஜஸ்தானின் மாநிலப் பறவை, அங்கே கோடாவண் என்பார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை. இன்று எஞ்சியவை 150-க்கும் குறைவு.

கூடு கட்டாது. வெறும் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. புல்வெளி காலியாகத்தானே கிடக்கிறது என்று ஜீப்பை வெட்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேர் எதிரே பார்க்கும் திறன் இந்தப் பறவைக்குக் குறைவு. உடம்பும் கனம், சட்டென்று திரும்ப முடியாமல் மின்கம்பியில் மோதிச் சாகிறது. படா பாக் என்ற இடத்தில் அரச குடும்பத்தினரின் பழைய நினைவு மண்டபங்களுக்குப் பின்னால் காற்றாலைகள் சுழல்வதை எல்லோரும் அழகாகப் படம் எடுக்கிறோம். அங்கிருந்து கிளம்பும் கம்பிகள் எந்த வெளியைக் கடந்து போகின்றன என்பதையும் யோசிக்கலாம். இந்தக் கம்பிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கச் சொல்லி ஓர் உத்தரவு வந்து, 2024-இல் அது மாற்றப்பட்டது. சம்மில் 2019 முதல் இனப்பெருக்க மையம் ஒன்று நடக்கிறது.

பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு சுதாசரி பக்கம், உள்ளூர் வழிகாட்டியோடு, விடியலில் போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். தென்படாமலும் போகலாம். அப்போதும் சின்காரா மான், பாறுகள், கழுகுகள் இருக்கும்.

எல்லைப் பக்கம் அசட்டையாகப் போவது

பாகிஸ்தான் எல்லைக்கு அருகில் இருக்கும் தனோட் மாதா கோயில் ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர். நல்ல சாலைதான், ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு. வழியில் வரும் ராம்கட்டிலேயே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும், டிரோன் வீட்டில் இருக்கட்டும். கூட வரும் உறவினர் வெளிநாட்டுக் குடியுரிமை வைத்திருந்தால் முன்அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

தனோட்டோடு திரும்பிவிடாமல் லோங்கேவாலாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1971 டிசம்பரில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் சுமார் 120 வீரர்கள் ஒரு ராத்திரி முழுக்கப் பாகிஸ்தானின் டாங்கிப் படையைத் தடுத்து நிறுத்திய இடம். ஹன்டர் விமானங்களால் இருட்டில் தாக்க முடியாது, விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் டாங்கிகள் பல மணலில் சிக்கிக்கொண்டன. அங்கே நிற்கும் பழைய டாங்கியின்மேல் ஏறிப் படமெடுக்கும் அவசரத்தில், காலடியில் புதையும் அந்த மணலைக் கவனிக்க மறந்துவிடுகிறோம்.

திரும்பும்போது ஜோத்பூர் சாலையில் ஒரே மூச்சாகப் போகாமல், குளிர்காலம் என்றால் பலோடிக்குப் பக்கத்தில் கீசன் கிராமத்துக்குத் திருப்புங்கள். குர்ஜா என்று அங்கே சொல்லும் சாம்பல் நிறக் கொக்குகள் இமயத்தைத் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஊர் மக்கள் தலைமுறைகளாகத் தானியம் போடுகிறார்கள். தானியம் போடுவது காலையில், அதனால் முந்தின ராத்திரியே பலோடியில் தங்கிவிடுவது நல்லது. தாமதமாகிவிட்டால் ஊருக்கு வெளியே குளக்கரைகளில் தேடுங்கள், தண்ணீர் குடிக்க அங்கேதான் வரும்.