இணையம் இல்லாத கணினியில் டெக் லைவ்: நிறுவல் குறிப்பு எழுதும் முறை

தென்மேற்குப் பருவமழை வலுத்தால் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். பக்கங்களை அச்சுக்கு வடிவமைக்கும் டெக் மென்பொருளின் முழுத் தொகுப்பான டெக் லைவை நிறுவ, அங்குள்ள பள்ளிக்கோ அச்சகத்துக்கோ தொகுப்புப் பராமரிப்பாளர் எழுதும் குறிப்பில் ‘மீதியைப் பதிவிறக்கிக்கொள்ளவும்’ என்று ஒரு வரி இருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். தேவையானது அத்தனையும் மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்திலேயே பென் டிரைவில் ஏறிவிட வேண்டும்.

எதை எடுத்துப்போவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சில எம்பி அளவுள்ள நிறுவி, தொகுப்புகளை இணையத்திலிருந்தே இழுக்கும், அது உதவாது. எல்லாத் தொகுப்புகளையும் ஒரே வட்டுப் பிம்பமாக அடக்கிய முழு ஐஎஸ்ஓ கோப்புதான் வேண்டும். அது 4 ஜிபிக்கு மேல் இருப்பதால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஏறாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள். கூடவே, நகல் பழுதில்லையா என்று பார்க்க உதவும் ஷா512 சரிபார்ப்புக் கோப்பும் வரட்டும். இறக்கியதும் ஒரு முறை, மலையில் கணினிக்கு நகலெடுத்த பின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். கெட்ட நகல் பாதி நிறுவலில்தான் தன்னைக் காட்டும்.

ஐஎஸ்ஓவின் நகல் போக, வட்டில் 10 ஜிபி காலியாக இருக்கட்டும். லினக்ஸில், நிறுவி ஓட பெர்ல் என்ற நிரல்மொழி தேவை. ஃபெடோராவில் பெர்ல் மாட்யூல்கள் தனித்தனித் தொகுப்புகள் என்பதால் அவற்றின் ஆர்பிஎம் கோப்புகளையும் முன்கூட்டியே சேர்க்கவும். டெபியனில், டெக் லைவ் ஏற்கெனவே இருப்பதாகக் கணினிக்குச் சொல்லும் ஒரு போலித் தொகுப்பை ஈக்விவ்ஸ் என்ற கருவி கொண்டு கட்டி, அந்த டெப் கோப்பையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் டெக் கேட்கும் வேறெந்த நிரலை நிறுவினாலும் டெபியனின் டெக் லைவும் கூடவே வரப் பார்க்கும்.

ஐஎஸ்ஓவை ஒரு வட்டு போலத் திறந்து (மவுண்ட் செய்து), நிறுவியை எழுதக்கூடிய வேறொரு கோப்புறையில் நின்று ஓட்ட வேண்டும். மெனுவில் எஸ் (S) அழுத்தினால் ஸ்கீம், அதாவது எவ்வளவு தொகுப்புகள் வேண்டும் என்ற தேர்வு, வரும். இடம் குறைவென்றால் முழு ஸ்கீமை விட்டு மீடியம் எடுக்கலாம். ஆனால் தமிழுக்கு வேண்டிய ‘பிற மொழிகள்’ தொகுதியைக் கையால் சேர்க்க வேண்டும். ஓ (O) அழுத்தி, நிறுவிய பின் டெக் தொகுப்புகளின் இணையக் களஞ்சியமான சிடான் தளத்தைப் புதுப்பிப்பு மூலமாக வைக்கும் தேர்வை நீக்குங்கள். அதை நீக்காமல் விட்டால், தொகுப்புகளைக் கூட்டவும் புதுப்பிக்கவும் உதவும் டிஎல்எம்ஜிஆர் நிரல் ஒவ்வொரு முறையும் இணையத்தைத் தேடித் தோற்கும். பிறகு ஐ (I) அழுத்தினால் நிறுவல் தொடங்கும்.

நடுவில் மின்சாரம் போனால் பாதிக் கோப்புகளின்மேல் தொடர வேண்டாம். அந்த ஆண்டின் கோப்புறையை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே சுத்தம்.

முடிந்ததும், கட்டளைகளைக் கணினி கண்டுபிடிக்கும்படி பாத் அமைப்பு. அதற்கடுத்த படியைத்தான் குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன: டெக் லைவின் எழுத்துருக்கள், லினக்ஸில் எழுத்துருக்களைத் தேடித்தரும் ஃபாண்ட்கான்ஃபிகுக்குத் தாமாகத் தெரியாது. டெக்ஸ்எம்எஃப்-வார் கோப்புறைக்குள் உள்ள ஃபாண்ட்கான்ஃபிக் அமைப்புக் கோப்பைக் கணினியின் கான்ஃப்.டி கோப்புறைக்கு நகலெடுத்து, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டினால்தான், டெக்கின் ஒரு வடிவமான சீலாடெக் அவற்றைப் பெயர் சொல்லி எடுக்கும். இன்னொரு வடிவமான லுவாலாடெக்கில், எழுத்துகளை வரிசைப்படுத்தி வடிவமைக்கும் ரெண்டரராக ஹார்ஃப்பஸ், ஸ்கிரிப்டாகத் தமிழ் என இரண்டையும் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொ, கோ, கௌ, கை, ஸ்ரீ எல்லாம் உள்ள ஒரு பக்கச் சோதனைக் கோப்பைக் குறிப்போடு இணையுங்கள். முழு ஸ்கீமில் வரும் ஃப்ரீசெரிஃப் எழுத்துருவில் தமிழ் இருப்பதால் அதையே பயன்படுத்தலாம்.

பின்னாளில் தொகுப்பு கூட்டுவதற்கு அதே ஆண்டின் ஐஎஸ்ஓவையே மூலமாகக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டுக் களஞ்சியத்தை டிஎல்எம்ஜிஆர் ஏற்காது. ஆகவே ஆண்டு எண்ணைக் கோப்பின் பெயரிலும் குறிப்பின் முதல் வரியிலும் எழுதுங்கள். வெளியிடுமுன், நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டு, புதிதாக நிறுவிய கணினியில் குறிப்பை எழுதாத ஒருவரை முதல் வரியிலிருந்து செய்துபார்க்கச் சொல்லுங்கள்.