மிரர் சர்வருக்கு எவ்வளவு பேண்ட்விட்த் வேண்டும்? என் அனுபவம்

நான் பார்த்துக்கொள்ளும் உபுண்டு மிரர், அதாவது உபுண்டு இயங்குதளக் கோப்புகளின் நகலை வைத்துத் தரும் சர்வர், சாதாரண நாட்களில் சமர்த்தாக ஓடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய வெளியீடு வந்தால் போதும், இணைய லைன் மூச்சு முட்டிவிடும். எவ்வளவு வேகம் கூட்டிக் கேட்பது என்று தெரிய வேண்டியிருந்தது.

டவுன்லோட் எண்ணிக்கையை ஐஎஸ்ஓ (உபுண்டுவை நிறுவும் வட்டுக் கோப்பு) அளவால் பெருக்கினால் கணக்கு உதவாது. டவுன்லோட் மேனேஜர்கள் ஒரே கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். ஒவ்வொரு துண்டும் சர்வரின் பதிவேடான லாகில் 206 (ஒரு பகுதி மட்டும் அனுப்பப்பட்டது) என்று தனி வரியாக விழும். பாதியில் விட்டுப்போகிறவர்கள் வேறு. அதனால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் லாகில் பத்தாவது நெடுவரிசையில் இருக்கும், அனுப்பிய பைட்டுகளை மட்டும் ஆக் (awk) என்ற கருவியைக் கொண்டு மணிவாரியாகக் கூட்டினேன்.

ஒரு நாளைக்கு 1 டெராபைட் என்றால் சராசரி வினாடிக்கு சுமார் 93 மெகாபிட்தான். ஆனால் சராசரியை வைத்து லைன் வாங்கக் கூடாது, உச்ச மணி நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல்!

அவ்வளவு வாங்கப் பணம் ஏது? சரி என்று ஐஎஸ்ஓ ஃபோல்டருக்கு மட்டும் லிமிட்_ரேட் என்ற என்ஜின்எக்ஸ் வேக வரம்பைப் போட்டேன். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகத்தான் பொருந்தும். அதனால் இணைப்பு எண்ணிக்கையை வரம்பிடும் லிமிட்_கான் வைத்து ஒரு ஐபிக்கு இரண்டு இணைப்பு என்று கட்டினேன். மூல சர்வரிலிருந்து புதிய கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை அதிகாலைக்குத் தள்ளியாயிற்று. அடுத்த வெளியீட்டின்போது பழைய லைனே தாங்கியது.