பாகப்பிரிவினை: 12 ஆண்டுக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

அப்பா இறந்து 12 ஆண்டு ஆனால் பங்கு போய்விடும் என்று நம்பி உரிமையைக் கைவிடுபவர்கள் அநேகம். எங்கள் பங்கைக் காப்பாற்றியது கணக்கைச் சரியாகப் போட்டதுதான். இந்தியக் காலவரையறைச் சட்டம், 1963-இன் அட்டவணையில் 110-ஆவது இனப்படி, கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது நமக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் 12 ஆண்டு. அண்ணன் மட்டும் பயிர் வைத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது எல்லா வாரிசுகளின் அனுபவம்தான். ‘உனக்குப் பங்கில்லை’ என்று வெளிப்படையாக மறுத்துத் தனி உரிமை கொண்டாடினால் கதை வேறு; அது தெரிந்த நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். பட்டா அவர் பெயரில் இருப்பது மட்டும் போதாது.

உண்மையான ஆபத்து 3 ஆண்டுக் கெடுவில். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய விடுதலைப் பத்திரத்தை (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) ரத்து செய்ய, மோசடி தெரிந்ததிலிருந்து அவ்வளவுதான் அவகாசம் (59-ஆவது இனம்). அதனால் முதல் வேலை, சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று; அப்பா சொத்தை வாங்கிய ஆண்டிலிருந்து போடுங்கள்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். பதிலில் பங்கை மறுத்தால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். வழக்கில் எல்லா வாரிசுகளும், திருமணமான சகோதரிகள் உட்பட, எல்லாச் சொத்துகளும் சேர வேண்டும்; ஒருவர் விடுபட்டாலும் வழக்கு தள்ளுபடியாகலாம்.