திரித்த லீடர்: முறுக்கு எங்கே கெடுகிறது?

ஃப்ளை ஃபிஷிங் என்பது முள்ளில் பூச்சிபோல் கட்டிய 'ஃப்ளை'யை வீசி மீன் பிடிப்பது. அதில் தடித்த ஃப்ளை லைனுக்கும், ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பான டிப்பெட்டுக்கும் நடுவே கட்டுவதுதான் லீடர். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை நைலான் நரம்பு. திரித்த லீடர் அப்படியில்லை. மெல்லிய நூலைப் பல இழையாகச் சுற்றி இரண்டு புரி எடுத்து, இரண்டையும் ஒரே திசையில் முறுக்கி, பிறகு ஒன்றுசேர்த்து எதிர்த்திசையில் திரிப்பார்கள். கயிறு திரிக்கிற அதே முறைதான். நைலான் வருவதற்கு வெகுகாலம் முன்பு, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைவால் மயிரைத் திரித்துத்தான் தூண்டில் கயிறு செய்தார்கள். திரித்த லீடர் சுருண்டு கிடந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது. வீச்சின் வேகத்தை நுனிவரை சீராகக் கொண்டுபோகும்.

இதில் நடக்கும் தவறுகள் பல மாதிரி தெரிந்தாலும் அநேகமாக எல்லாம் ஒரே காரணத்தில் போய் முடியும். புரிகளின் முறுக்கும் அவற்றைச் சேர்த்த எதிர்முறுக்கும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதால்தான் லீடர் நிற்கிறது. அந்தச் சமநிலையை நாமே எங்கோ குலைத்துவிடுகிறோம்.

குலைப்பது, நூல் சுற்ற முளை அடித்து வைத்திருக்கும் பலகையிலேயே ஆரம்பிக்கும். முளைகளைச் சுற்றி நூல் ஓட்டும்போது ஒரு சுற்று இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் போனால், தளர்ந்த இழை திரித்த பிறகு சின்னக் கண்ணியாக வெளியே பிதுங்கும். அது பார்வைக்கு மட்டும் குறை இல்லை, அந்த இழை பாரத்தையும் தாங்காது. முடிந்த லீடரில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஃப்ளை கட்டும்போது நூல்கண்டைப் பிடிக்கும் பாபினிலிருந்து நூலை ஓடவிட்டால் இறுக்கம் பெரும்பாலும் மாறாது. வெறுங்கையால் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது படிகள். தடித்த முனையிலிருந்து மெல்லிய முனைக்கு வர, புரியில் உள்ள இழைகளைப் படிப்படியாகக் குறைக்கிறோம். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் இழை குறைந்தால் அங்கே தடிமன் சட்டென்று இறங்கும், வீசும்போது லீடர் அதே இடத்தில் மடங்கும். அதனால் இடது வரிசை முளைகளுக்கும் வலது வரிசை முளைகளுக்கும் சில அங்குலம் விலகல் விட்டு அடியுங்கள். ஒரு புரியில் இழை குறையும் இடத்தில் மற்றது முழுத் தடிமனோடு இருக்க வேண்டும்.

சரி, இனி முறுக்கு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். டிரில்லில் கொக்கி மாட்டி வேகமாக ஓட்டிவிட்டு 'போதும்' என்று கண்ணால் முடிவுசெய்தால் இரண்டு புரியும் ஒரே அளவு முறுக்கேறாது. அதிகம் முறுக்கிய புரி சுருங்கி நேராக நிற்கும், மற்றது அதன்மேல் கொடிமாதிரி சுற்றிக்கொள்ளும். அப்படி வந்தால் பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். டிரில்லை மெதுவாக ஓட்டி, சுற்றுகளை எண்ணுங்கள், அல்லது புரி எவ்வளவு சுருங்கியது என்று அளவுகோலால் பாருங்கள். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்குவது தொடங்குவதற்கு நல்ல அளவு, நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். முறுக்கிய புரியை ஒரு கொக்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஒரு நொடிகூடத் தளரவிடக் கூடாது. விட்டால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சாகிவிடும்.

எதிர்முறுக்குக்கு டிரில்லை நம்புவதைவிட, சேர்த்த முனையில் சிறிய ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த வழி. அது தானாகச் சுழன்று நிற்கும் இடம்தான் சமநிலை. அப்புறம் மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். இன்னும் சுழன்றால் வேலை முடியவில்லை.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே எச்சரிக்கை: பஞ்சுப் பிசிர் உள்ள தையல் நூல் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும். மிதக்கும் ஃப்ளைக்கு 70 டெனியர் (நூல் தடிமனின் அளவு) பாலியெஸ்டரில் ஃப்ளை கட்டும் நூல் நன்றாக வரும். ஃப்ளூரோகார்பன் நரம்பு தண்ணீரில் இறங்கும், ஆகவே அதை நீருக்கடியில் ஓட்டும் நிம்ஃப் வகை ஃப்ளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த நூலானாலும் புரிகளுக்கு இடையே தண்ணீர் தங்கும். பின்னும் முன்னும் வீசும்போது அது தூறலாகச் சிதறி, அசையாத நீரில் நிற்கும் ட்ரவுட் மீனை விரட்டிவிடும். மிதவைப் பசையை லீடர் முழுக்கத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் வழித்தெடுங்கள். டிப்பெட்டில் தடவாதீர்கள். ஈரத்தை உதறும் வீச்சு மீன் இருக்கும் பக்கம் போகக் கூடாது.

கட்டும்போது நடக்கும் பெரிய தவறு, இதை ஒற்றை நரம்புபோல் நினைத்து நுனியைக் கத்தரிப்பது. நுனி போனால் முறுக்கு அவிழும். முனையில் கண்ணியோ 2 மி.மீ. டிப்பெட் வளையமோ வைத்து, அதில்தான் டிப்பெட்டைக் கட்ட வேண்டும். கண்ணியோடு கண்ணி கோக்கும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நேராக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மடிந்து மற்றதன் கழுத்தைச் சுற்றினால், மெல்லிய டிப்பெட் நரம்பு லீடரின் நூலை அறுக்கும்.

நூல் லீடர் மீன் கண்ணுக்குத் தெரியும். அதனால் ஒரு அடி டிப்பெட் போதாது, மூன்று நான்கு அடியாவது விடுங்கள். திறந்த ஆற்றில் ஆறு அடி லீடர் வசதி. நீலகிரிச் சோலை ஓடைகள்போல் கிளைகள் தாழ்ந்து தொங்கும் இடத்தில் நான்கைந்து அடி போதும். டிப்பெட் எப்போதும் லீடரின் நுனியைவிட வலு குறைந்ததாக இருக்கட்டும். 5எக்ஸ் அளவு டிப்பெட், அதாவது சுமார் 0.15 மி.மீ. தடிமன், சாதாரணமாகச் சரியாக இருக்கும்.

தூண்டில் முள், கிளையிலோ கல்லிலோ சிக்கினால் கோலைத் தூக்கி வெட்டி இழுக்காதீர்கள். திரித்த லீடர் நீண்டு கொடுக்கும், டிப்பெட் அறுந்ததும் அதே வேகத்தில் திரும்பி வந்து தன்மேலேயே சிக்கிக்கொள்ளும். கோலை முள் பக்கம் நேராக நீட்டி, லைனைக் கையில் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒருவேளை சிக்கிவிட்டால், இழுத்து இறுக்காமல் ஃப்ளையை வெட்டியெடுத்துவிட்டு ஊசிமுனையால் தளர்த்தலாம்.

வீசும்போது சுழலும் பெரிய இறக்கை ஃப்ளைகளும் லீடரில் முறுக்கை ஏற்றிக்கொண்டே போகும். தளர்த்தியதும் லீடர் சுருளத் தொடங்கினால் அதற்கு இதுதான் அர்த்தம். ஃப்ளையைக் கழற்றி, லைனை ஓட்டத்தின் போக்கில் சிறிது நேரம் மிதக்கவிடுங்கள், அதிக முறுக்கு தானாக இறங்கிவிடும்.