வாட்ச்ல இருந்து நேரா காது மெஷினுக்கு பாட்டு வர வைக்கிறது எப்படி

எனக்கு ரெண்டு காதுலயும் காது கேக்குற மெஷின். இருபது வருசத்துக்கு மேல விசைத்தறி பட்டறைக்குள்ள நின்னதுக்கு கெடச்ச போனஸ் அது, சேலம் அம்மாபேட்டை பக்கம் வந்து பாருங்க, கத்திக் கத்திப் பேசுற ஆளுங்க எவ்வளவு பேருன்னு, ஆனா மெஷின் மாட்டிக்கச் சொன்னா மட்டும் வெக்கம். சரி அது கெடக்கட்டும். காலைல ஏற்காடு அடிவாரம் பக்கம் நடக்கப் போறப்போ போனை வீட்லயே வெச்சுட்டுப் போயிடுவேன், எடுத்துட்டுப் போனா பாவு ரெடியா, நூல் என்ன ரேட்டுன்னு ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடுவாங்க. அதனால பாட்டை வாட்ச்ல ஏத்திக்கிட்டு, போன் இல்லாம நேரா மெஷின்ல கேக்கணும்னு ஆசை. இப்ப கேக்குறேன். ஆனா நடுவுல ஒரு வாட்ச் தண்டம்.

அந்தத் தண்டக் கதையை மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் மாட்டுறாங்க. டவுன்ல ஒரு கடையில "ப்ளூடூத் காலிங் வாட்ச்ணா, பாட்டெல்லாம் சூப்பரா கேக்கும்"னு ஒரு தம்பி எடுத்துக் குடுத்தான். வீட்டுக்கு வந்து வாட்ச்ல மெனு மெனுவா தேடுறேன், மெஷினைச் சேர்க்க இடமே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த மாதிரி வாட்ச் போன்ல இருந்து சத்தத்தை வாங்கிக்கிற சாமான், போனுக்கு கையில கட்டின ஒரு சின்ன ஸ்பீக்கர், மைக், அவ்வளவுதான். காது மெஷினும் வாங்கிக்கிற சாமான். ரெண்டு பேரும் கையேந்திக்கிட்டு நின்னா அங்க போடுறது யாரு?

அதனால வாட்ச் வாங்குறப்போ "ப்ளூடூத் இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாத்துலயும் இருக்கும். "இது இயர்பட்ஸோட நேரா சேருமா, போன் இல்லாம பாடுமா"ன்னு கேளுங்க. கேட்டா மட்டும் போதாது, கடையிலயே உங்க போனை சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு, அவங்ககிட்ட இருக்கற ஏதாவது ஒரு இயர்பட்ஸ்ல வாட்ச்ல இருக்கற பாட்டை ஓட விடச் சொல்லுங்க. ஓடுச்சுன்னா வாட்ச் அனுப்புற சாமான்தான். ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் இதெல்லாம் அனுப்பும். நான் இப்ப கட்டியிருக்கறது ஒரு பழைய கேலக்ஸி வாட்ச்தான்.

இப்ப அடுத்த பாதி, மெஷின். எல்லா மெஷினும் ஒரே பாஷை பேசாது. ஒண்ணு, ஐபோனுக்குன்னே செஞ்ச மெஷின், 2014ல இருந்து வருது, ஆப்பிளோட சொந்த முறையில பேசும். ரெண்டாவது ஆஷான்னு கூகுள் கொண்டு வந்தது, ஆண்ட்ராய்டு 10 போன்கள்ல இருந்து வந்துச்சு. மூணாவது சாதாரண ப்ளூடூத், அதாவது எல்லா இயர்போனும் பேசுற அதே பழைய பாஷை, ஃபோனாக் கம்பெனி 2018ல மார்வெல்னு விட்டதுல இருந்து அவங்க மெஷின்ல பாட்டு கேக்கவும் இது இருக்கு. நாலாவது புதுசு, எல்இ ஆடியோ, 2020 ஜனவரில அறிவிச்சது. வருங்காலம் இதுதான், ஆனா வாட்ச், மெஷின் ரெண்டுலயும் இருக்கணும். இன்னொண்ணு, டப்பால ப்ளூடூத் 5.2, 5.3னு போட்டிருந்தா எல்இ ஆடியோ உள்ள இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க, அந்த நம்பர் வேற, இது வேற, எல்இ ஆடியோன்னு பேரோட எழுதியிருக்கான்னு பாருங்க.

வாட்ச்க்கு ரொம்ப தலைவலி இல்லாதது மூணாவது வகைதான். வாட்ச் அதை ஒரு ஹெட்செட்னு நெனச்சுக்கும், அவ்வளவு சிம்பிள். என்னோடது ஃபோனாக் பாரடைஸ், 312ங்கற சைஸ் சின்ன பேட்டரி போடுற மாடல்.

ஒரு எச்சரிக்கை. மெஷின் கம்பெனியோட ஆப் வாட்ச்லயும் வருது, வால்யூம் கூட்டலாம் குறைக்கலாம், ப்ரோக்ராம் மாத்தலாம். அதைப் பாத்துட்டு பாட்டும் வாட்ச்ல இருந்து வரும்னு நெனச்சுடாதீங்க. அது வெறும் ரிமோட்டு.

சரி, சேர்க்கிற வேலை. மொதல்ல போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா மெஷின் பழைய பாசத்துல போனோடயே போய் ஒட்டிக்கும். முந்தின ராத்திரியே பாட்டை வாட்ச்ல ஏத்தி வெச்சுடுங்க, சார்ஜ்ல போட்டுட்டு ஏத்துனா நல்லது. அப்புறம் மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், பேட்டரி மாடல்னா பேட்டரி கதவைத் திறந்து மூடினா போதும், சார்ஜ் மாடல்னா பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணி திரும்ப ஆன். அதுக்கப்புறம் 3 நிமிசம்தான் அது புதுசா சேர ரெடியா இருக்கும், அதுக்குள்ள வாட்ச்ல செட்டிங்ஸ் போய், கனெக்ஷன்ஸ், ப்ளூடூத், அதுல ப்ளூடூத் ஹெட்செட்னு இருக்கும், தேடுங்க, பேர் வரும், தொடுங்க. ஆப்பிள் வாட்ச்ல செட்டிங்ஸ்ல நேரா ப்ளூடூத்னே இருக்கும். மூணு நிமிசம் தாண்டிடுச்சா, பதட்டப்படாம திரும்ப கதவைத் திறந்து மூடுங்க, நான் கண்ணாடியைத் தேடுறதுலயே ரெண்டு தடவை கோட்டை விட்டேன்.

சேர்ந்தும் சத்தம் வரலேன்னா பாதி நேரம் காரணம் இதுதான்: போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ண மறந்திருப்பீங்க, வாட்ச்ல ப்ளே அமுக்குறீங்க, ஆனா அது போன்ல இருக்கற பாட்டைக் கன்ட்ரோல் பண்ணிட்டு இருக்கும், வீட்ல போன் தனியா பாடிட்டு இருக்கும். எங்க வீட்ல இப்படித்தான், நான் வாசல்ல நின்னு வாட்சைத் தட்டிட்டு இருக்கேன், பூஜை ரூம் பக்கத்துல போன் அலறிக்கிட்டு இருந்திருக்கு, வந்ததும் வீட்டம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மியூசிக் ஆப்புக்குள்ள எங்க இருந்து பாடணும்னு போன், வாட்ச் ரெண்டும் காட்டும், வாட்சை எடுத்துக்கணும்.

எல்லாம் ஆச்சு, ஆனா நடக்க ஆரம்பிச்சா பாட்டு விட்டு விட்டு வந்துச்சு. நின்னா நல்லா வருது, கை வீசி நடந்தா அறுந்து போகுது. வாட்ச் ரிப்பேர்னே முடிவு பண்ணிட்டு, காதை டெஸ்ட் பண்ணி மெஷினை செட் பண்ணிக் குடுக்குற ஆடியாலஜிஸ்ட் மேடத்துக்கிட்ட போனேன். அவங்க மெஷினைக்கூட கையில வாங்கல. "எந்தக் கையில சார் வாட்ச் கட்டுறீங்க?"ன்னு கேட்டாங்க. இடது கைங்க மேடம்னேன். கம்ப்யூட்டர்ல மெஷினைப் போட்டுப் பாத்துட்டு, "உங்களுக்கு ப்ளூடூத் வாங்கறது வலது காது மெஷின் சார், நடுவுல உங்க உடம்பு முழுக்க நிக்குதே"ன்னாங்க. விசயம் என்னன்னா ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, உடம்புல இருக்கற தண்ணி அதைக் குடிச்சுடும், அதனால இடது மணிக்கட்டுல இருந்து வலது காதுக்குப் போறது அதுக்கு பெரிய பயணம். ஃபோனாக்ல எந்தப் பக்கம் ப்ளூடூத் வாங்கணும்னு ப்ரோக்ராம் பண்றப்போ மாத்தலாம். இடதுக்கு மாத்திவிட்டாங்க, வாட்ச்ல பழைய பேரை அழிச்சுட்டு புதுசா சேர்த்தேன், இப்ப அறுறதே இல்ல. அவங்ககிட்ட போக நேரம் இல்லாதவங்க வாட்சை மறு கைக்கு மாத்திக் கட்டிப் பாருங்க, செலவில்லாத வைத்தியம்.

அதே நாள் இன்னொண்ணும் கேட்டேன், பாட்டு ஏன் தகர டப்பால பாடுற மாதிரி மெல்லிசா இருக்குன்னு. காதுக்குள்ள போடுற டோம், அதாவது மெஷின் நுனியில இருக்கற சின்ன ரப்பர் குடை, ஓட்டை ஓட்டையா இருந்தா பேஸ், அதான் கனமான கீழ்ச்சத்தம், வெளிய ஓடிடுமாம். மூடின டோம் போட்டா பேஸ் நிக்கும், ஆனா உங்க குரலே உங்களுக்கு பானைக்குள்ள பேசுற மாதிரி கேக்கும். நான் டோமை மாத்தல, பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் பேஸ் ஏத்தி வெக்கச் சொல்லிட்டேன். ஒரே காதுல மெஷின் போட்டவங்க வாட்ச்ல ஆக்ஸசிபிலிட்டிக்குள்ள மோனோ ஆடியோவை ஆன் பண்ணிடுங்க, இல்லேன்னா சில பழைய பாட்டுல நாதஸ்வரம் மட்டும் வந்துட்டு பாடுறவர் மறு காதுப் பக்கம் போயிடுவார்.

மெஷின் வேற வகையா, வாட்ச் நேரா சேராதா? உங்க மெஷின் கம்பெனி சட்டைல மாட்டுற கிளிப் விக்குதான்னு கேளுங்க, ஓட்டிகான்ல கனெக்ட்கிளிப், ரீசவுண்ட்ல போன் கிளிப் பிளஸ். வாட்ச் கிளிப்போட சாதாரண ஹெட்செட் மாதிரி சேரும், கிளிப் மெஷினுக்கு அனுப்பும். சார்ஜ் போட இன்னொரு சாமான்தான், இருந்தாலும் லட்சம் ரூபா மெஷினை மாத்துறதுக்கு இது தேவலாம்.

மலை மேல போறவங்களுக்கு. பாட்டு ஓடுறப்போ மெஷின் வெளி மைக்கைக் குறைச்சுடும். ஏற்காடு லேக்கைச் சுத்தி நடந்தாலும் பனிமூட்டத்துல பின்னாடி வர்ற வண்டி ஹாரன் காதுல விழாது, அதனால வெளிச்சத்தம் எவ்வளவு வேணும்னு முன்னாடியே ஆடியாலஜிஸ்ட்கிட்ட சொல்லி ஏத்தி வெச்சுடுங்க. பைக்ல போறப்போ வேண்டவே வேண்டாம், அந்த 20 கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் திரும்புற சத்தம்தான் நமக்கு உசுரு, போதாததுக்கு ஹெல்மெட்டுக்குள்ள மெஷின் விசில் வேற அடிக்கும். மஃப்ளரைக் காது மேல சுத்தினா கம்பளி மைக்ல உரசி கரகரன்னு வரும், காதுக்குக் கீழயே சுத்திக்கோங்க.

பாட்டு கேட்டா பேட்டரி சீக்கிரம் தீரும், 1500 மீட்டர் உசரத்து குளிர்ல இன்னும் சீக்கிரம். பழுப்பு ஸ்டிக்கர் 312 ஒரு அட்டை சட்டைப் பையில வெச்சிருங்க, ஸ்டிக்கரைப் பிச்ச உடனே போட்டுடாம சில நிமிசம் காத்துல விட்டுட்டு போடுங்க, அது காத்தை இழுத்துத்தான் உயிர் வரும். திரும்பி வந்ததும் வாட்ச்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிட்டு போன்ல ஆன் பண்ணுங்க, மறந்தா நூல்காரர் கால் பண்றது காதுல விழாது. நான் சில நாள் மறந்த மாதிரியே இருந்துடுறது.